400 மெட்லி: கடைசி நூறு மீட்டருக்கான பலத்தை முதல் முந்நூறில் மிச்சம் பிடிப்பது எப்படி?

லண்டன் ஒலிம்பிக், 2012 ஜூலை 28, பெண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி இறுதிப் போட்டி. பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல் என்ற நான்கு ஸ்ட்ரோக்கையும் இதே வரிசையில் நூறு நூறு மீட்டர் ஒருவரே நீந்துவதுதான் இது. 300 மீட்டர் முடிந்தபோது அமெரிக்காவின் எலிசபெத் பைசெல்தான் முன்னால் இருந்தார். சீனாவின் ஹாங்சோவைச் சேர்ந்த 16 வயது யே ஷிவென் அவருக்குப் பின்னால். அதற்கப்புறம் யே நீந்திய ஃப்ரீஸ்டைல் 58.68 விநாடி: முதல் ஐம்பது 29.75, அடுத்த ஐம்பது 28.93. மொத்தம் 4:28.43. ஸ்டெஃபனி ரைஸ் 2008-இல் படைத்திருந்த 4:29.45 என்ற உலக சாதனை ஒரு விநாடிக்கும் மேல் இறங்கியது.

அன்று மாலை ஆண்கள் 400 மெட்லியில் தங்கம் வென்ற ரயன் லாக்டியின் கடைசி ஐம்பது 29.10. ஒரு சிறுமி அவரைவிட வேகமாக எப்படி முடித்தாள் என்று சந்தேகக் கேள்விகள் கிளம்பின. ஊக்கமருந்துச் சோதனைகளில் யே தேறியிருந்தார். மெட்லி பழகுபவர்கள் கவனிக்க வேண்டிய எண் வேறு. லாக்டியின் மொத்த நேரம் 4:05.18, யேவைவிட 23 விநாடி முன்னால். தனக்குக் கிடைத்த பெரிய முன்னிலையோடு அவர் முடித்தார். யேவோ துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. மொத்த நேரத்தில் கடைசி நூறின் பங்கு லாக்டிக்கு 23.9 சதவீதம், யேவுக்கு 21.9 சதவீதம்.

அந்த 21.9 ஃப்ரீஸ்டைல் பயிற்சியால் மட்டும் வருவதில்லை. பட்டர்ஃபிளையில் காலை அடக்கி, பேக்ஸ்ட்ரோக்கில் மூச்சைச் சீர்செய்து, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் அவசரப்படாமல் வந்தவரின் உடம்பில்தான் கடைசி நூறுக்குப் பலம் மிஞ்சும். அதை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

நான்கு ஸ்ட்ரோக்கிலும் தனித்தனியாக 100 மீட்டர் நீந்தி நேரம் எடுங்கள். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். நாளுக்கு ஒன்று போதும். ஃப்ரீஸ்டைல் நேரத்தை 1 என்று வைத்தால், பட்டர்ஃபிளை 1.07 முதல் 1.10 மடங்கு, பேக்ஸ்ட்ரோக் 1.11 முதல் 1.14, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 1.23 முதல் 1.28 மடங்குக்குள் இருந்தால் உங்கள் நான்கு ஸ்ட்ரோக்கும் ஏறக்குறைய சமநிலையில் உள்ளன. ஃப்ரீஸ்டைல் 1:10 என்றால் பட்டர்ஃபிளை 1:15 முதல் 1:17, பேக்ஸ்ட்ரோக் 1:18 முதல் 1:20, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 1:26 முதல் 1:30. இந்த எல்லைக்கு வெளியே போவது எதுவோ அதுதான் உங்கள் பலவீனம். பயிற்சி நேரத்தில் அதற்கே முதல் பங்கு. நன்றாக வரும் ஸ்ட்ரோக்கையே திரும்பத் திரும்ப நீந்துவது எல்லோருக்கும் பிடிக்கும். மெட்லியில் அதனால் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. 1:20 பேக்ஸ்ட்ரோக்கை 1:19 ஆக்குவதைவிட 1:36 பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கை 1:31 ஆக்குவது எளிது.

அடுத்தது இலக்கு நேரத்தைப் பிரிப்பது. 400-க்கு நல்ல தொடக்கக் கணக்கு: பட்டர்ஃபிளை 23 சதவீதம், பேக்ஸ்ட்ரோக் 25.5, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 29, ஃப்ரீஸ்டைல் 22.5. இலக்கு 5:40 என்றால், அதாவது 340 விநாடி என்றால், ஸ்பிளிட்கள், அதாவது ஒவ்வொரு நூறுக்குமான நேரங்கள், 1:18.2, 1:26.7, 1:38.6, 1:16.5. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பலமாக உள்ளவர் 29-ஐ 28.5 ஆக்கி, மீதியைத் தன் பலவீனமான ஸ்ட்ரோக்குக்குக் கொடுக்கலாம். பட்டர்ஃபிளை ஸ்பிளிட் மட்டும் உங்கள் தனி 100 நேரத்தைவிட 3 அல்லது 4 விநாடி மெதுவாக இருந்தே ஆக வேண்டும். ஒரு விநாடி வித்தியாசத்தில் போனால் முதல் நூறில் முன்னால் இருப்பீர்கள். மூன்றாவது நூறில் அதைப்போல் நான்கு மடங்கு திருப்பிக் கொடுப்பீர்கள்.

பட்டர்ஃபிளையும் பேக்ஸ்ட்ரோக்கும்

பட்டர்ஃபிளையில் கிக் சின்னதாக இருக்கட்டும். முட்டியை ஆழமாக மடக்கி ஓங்கி அடித்தால் தொடை கனத்துப்போகும். அதே தொடைதான் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கும் வேண்டும். 400-இல் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் (கை இழுப்புக்கும்) மூச்செடுப்பதில் தப்பில்லை. இரண்டு ஐம்பதிலும் ஸ்ட்ரோக்கை எண்ணுங்கள். முதல் ஐம்பதில் 22, இரண்டாவதில் 26 என்றால் தொடக்கம் அளவுக்கு மீறிய வேகம். ஒன்றிரண்டு கூடினால் பரவாயில்லை.

டர்னில், அதாவது சுவரில் திரும்பும்போது, இரண்டு கையும் ஒரே சமயத்தில் சுவரைத் தொட வேண்டும். முட்டியை நெஞ்சை நோக்கி இழுத்து, ஒரு முழு மூச்செடுத்து, மல்லாந்தபடி தள்ளுங்கள். நீருக்கடியில் இருக்கும்வரை மூக்கு வழியாக மெதுவாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மூக்கில் தண்ணீர் ஏறி அடுத்த பத்து மீட்டரும் கெட்டுப்போகும். 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலானவர்களுக்கு நான்கு அல்லது ஐந்து டால்ஃபின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து அடிப்பது) போதும்.

பேக்ஸ்ட்ரோக்கின் வேலை மூச்சை நிலைக்குக் கொண்டுவருவது. கை சீரான வேகத்தில் சுழலட்டும். கிக் உடம்பை மட்டமாக வைக்கும் அளவுக்கு மட்டும்.

பேக்ஸ்ட்ரோக்கிலிருந்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு

மெட்லியில் மிக அதிகமாகத் தகுதிநீக்கம் வாங்கித் தரும் இடங்களில் இதுவும் ஒன்று. சாதாரண பேக்ஸ்ட்ரோக் டர்னில் சுவருக்கு முன்பே குப்புறத் திரும்பிவிடலாம். இங்கே அது கூடாது. மல்லாந்த நிலையில்தான் சுவரைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன் தோள் செங்குத்தைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

ஆகவே கொடியிலிருந்து சுவர்வரை எத்தனை ஸ்ட்ரோக் என்ற எண்ணிக்கையை மெட்லிக்கென்று தனியாகப் பழக வேண்டும். சுவர் நெருங்குவதைக் காட்டும் இந்தக் கொடி, குளத்துக்கு மேலே குறுக்கே சுவரிலிருந்து 5 மீட்டரில் தொங்கும். சாதாரண டர்னுக்கு நீங்கள் மூன்று எண்ணுபவர் என்றால், இங்கே நான்கு அல்லது ஐந்து வரும். களைப்பில் ஸ்ட்ரோக் சுருங்குவதால், ஒரு 200 மெட்லியை வேகமாக நீந்திய உடனே இதை எண்ணிப் பாருங்கள். புத்துணர்ச்சியோடு இருக்கும்போது எடுத்த எண்ணிக்கை போட்டியில் பொய்க்கும்.

டர்னில் இரண்டு வகையைப் பழகினால் போதும். ஒன்று திறந்த டர்ன்: ஒரு கையால் தொட்டு, முட்டியைப் பக்கவாட்டில் இழுத்து, தலை மேலே இருக்கும்போது மூச்செடுத்துத் தள்ளுவது. இன்னொன்று குறுக்கு டர்ன்: தொடும் கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, தொட்ட கணமே முன்பக்கமாக உருளுவது. பின்னது வேகமானது, ஆனால் மூச்சு கிடைக்காது. மூச்சில்லாமல் புல்அவுட்டுக்கு (சுவரைத் தள்ளியதும் நீருக்கடியில் செய்யும் இழுப்புக்கு) போனால் அது பாதியில் அறுந்துவிடும். 400-க்குத் திறந்த டர்னே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. 200-க்கு, சுவருக்கு 5 மீட்டர் முன்பிருந்து 10 மீட்டர் வெளியே வரும்வரை இரண்டையும் ஆறு முறை ஸ்டாப்வாட்ச்சில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புல்அவுட்டில் ஒரே ஒரு கை இழுப்பு தொடைவரை, முதல் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்குக்கு முன் ஒரே ஒரு டால்ஃபின் கிக், பிறகு ஒரு பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக். இரண்டாவது ஸ்ட்ரோக்கில் கைகள் அகலமான இடத்திலிருந்து உள்ளே திரும்புமுன் தலை நீர்மட்டத்தை உடைக்க வேண்டும். பட்டர்ஃபிளையின் பழக்கத்தில் கால் தானாக இன்னொரு டால்ஃபின் அடித்துவிடும். அதைத் தடுக்க, தள்ளியதும் மனதுக்குள் ‘ஒன்று’ என்று சொல்லிவிட்டுத்தான் கையை இழுக்கத் தொடங்குங்கள்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்: நேரம் ஒளிந்திருக்கும் இடம்

29 சதவீதம் இங்கே செலவாகிறது. களைத்தவர் செய்யும் தப்பு எப்போதும் ஒன்றுதான்: வேகம் குறைந்ததாகத் தோன்றியதும் கையை அவசரமாகச் சுற்றுவது. அப்போது கிக் முடியுமுன்பே கை விரியும். நீட்டி வழுக்கும் அந்த அரை விநாடி காணாமல் போகும். ஸ்ட்ரோக் எண்ணிக்கை ஏறும், நேரம் இறங்காது. பாதம் வெளிப்பக்கம் திரும்பாமல் ஒரு கால் மட்டும் கத்தரிபோல் வெட்டினால் தகுதிநீக்கம்வரை போகும். கிக் முடிந்து குதிகால்கள் சேரும்வரை கையை விரிக்காதீர்கள்.

இதற்குப் பயிற்சி: 6 முறை 200, ஒவ்வொன்றிலும் 100 பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும் 100 ஃப்ரீஸ்டைலும், நடுவில் நிற்காமல். 200-க்கும் 200-க்கும் இடையே 30 விநாடி ஓய்வு. முதல் மூன்றில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் இலக்கு ஸ்பிளிட்டைவிட 4 விநாடி மெதுவாக, கடைசி மூன்றில் இலக்கு வேகத்திலேயே. ஃப்ரீஸ்டைலின் இரண்டாவது ஐம்பது முதல் ஐம்பதைவிட எப்போதும் வேகமாக இருக்க வேண்டும். யேவின் 29.75–28.93 இந்த வடிவம்தான்.

ஃப்ரீஸ்டைலுக்கு மாறும் டர்னிலும் இரண்டு கையும் ஒன்றாகத் தொட வேண்டும். முதல் ஐம்பதில் கிக்கைக் கட்டுப்படுத்தி, கடைசி ஐம்பதில், இரண்டு கையும் ஒரு சுற்று வருவதற்குள் ஆறு முறை அடிக்கும் கிக்கை முழுதாக அவிழ்த்து விடுங்கள். ஒரு பொறி: மெட்லியின் ஃப்ரீஸ்டைலில் டர்ன் முடிந்து தள்ளியதும், குப்புறத் திரும்பிய பிறகே கிக் அடிக்கலாம். மல்லாந்தபடி டால்ஃபின் அடித்தால் விதிமீறல்.

வாரத்தில் என்ன செய்வது

வாரத்துக்கு இரண்டு மெட்லி நாள் போதும். ஒன்று மாறுமிடங்களுக்கு: 12 முறை 50, நடுவில் டர்ன் வருமாறு 25-ஐயும் 25-ஐயும் சேர்த்து. நான்கு பட்டர்ஃபிளை–பேக், நான்கு பேக்–பிரெஸ்ட், நான்கு பிரெஸ்ட்–ஃப்ரீ, 20 விநாடி ஓய்வு. 50 மீட்டர் குளம் என்றால் சுவருக்கு 25 மீட்டர் முன்பிருந்து தொடங்கி, சுவரைத் தொட்டு, 25 மீட்டர் வெளியே வந்து நிறுத்துங்கள். இன்னொன்று உடைத்து நீந்தும் 400: நான்கு நூறுகளுக்கு இடையே 10 விநாடி ஓய்வு, கடிகாரம் காட்டும் மொத்தத்திலிருந்து 30-ஐக் கழியுங்கள். ஓய்வு கிடைப்பதால் வரும் நேரம் போட்டியைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே இலக்கைத் தொட்டால் மட்டும் போதாது, நான்கைந்து விநாடியாவது கீழே வர வேண்டும்.

எல்லா ஸ்பிளிட்களையும் ஸ்ட்ரோக் எண்ணிக்கையோடு எழுதி வையுங்கள். ஆறு வாரம் ஆனதும் எந்த நூறு நகரவே இல்லை என்று அந்தத் தாளே காட்டும்.

வருடக் கணக்கு

மெட்லி வளர வருடங்கள் ஆகும். சீனாவின் வாங் ஷுனின் 200 மெட்லியைப் பாருங்கள்: 2015 கசான் உலகப் போட்டி 1:56.81, வெண்கலம். 2016 ரியோ 1:57.05, வெண்கலம். 2017 புடாபெஸ்ட் 1:56.28, மறுபடி வெண்கலம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 1:55.00, தங்கம். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 1:54.62. எட்டு வருடத்தில் 2.19 விநாடி. நடுவில் நேரம் பின்வாங்கிய வருடமும் இருந்தது. ஒரு சீசன் தேங்கினால் திட்டத்தையே மாற்றத் துடிப்பவர்கள் இந்த வரிசையைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

யேவின் பாதை வேறு. 14 வயதில் குவாங்சோ ஆசியப் போட்டியில் இரண்டு மெட்லியிலும் தங்கம், 15-இல் ஷாங்காயில் உலகப் பட்டம், 16-இல் இரண்டு ஒலிம்பிக் தங்கம். அந்த உச்சத்தின் நேரங்கள் பிறகு திரும்பவில்லை. ஆனாலும் 2019 குவாங்ஜுவில் இரண்டு மெட்லியிலும் வெள்ளி. 27 வயதில் சொந்த ஊர் ஆசியப் போட்டியில் 200 பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தங்கம். நான்கு ஸ்ட்ரோக்கையும் ஒழுங்காகக் கற்றவருக்கு ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருக்கும். சின்ன வயதினருக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் தூரத்தைக் கூட்டுவதற்கு முன் ஸ்ட்ரோக்கைத் திருத்த இதுவே போதுமான காரணம்.

போட்டி நாள்

2025 சிங்கப்பூர் உலகப் போட்டியில் சீனாவின் 12 வயது யூ ஸிடி 200 மெட்லியை 2:09.21-இல் முடித்து நான்காவதாக வந்தார். வெண்கலம் 0.06 விநாடி தூரத்தில். சுவரை நோக்கி ஒரு ஸ்ட்ரோக் குறைவாக எண்ணிவிட்டு, கையை நீட்டியபடி வழுக்கி வந்து தொட்டால் அதைவிட அதிகம் போய்விடும்.

அதனால் வார்ம்-அப்பில் 800 முதல் 1200 மீட்டர் நீந்தி முடித்ததும், நீங்கள் போட்டியிடப்போகும் குளத்திலேயே ஒவ்வொரு மாறுமிடத்தையும் இரண்டு முறை போட்டி வேகத்தில் செய்யுங்கள். சுவரின் வழுக்கலும் வெளிச்சமும் குளத்துக்குக் குளம் மாறும். திறந்தவெளிக் குளத்தில் கூரைக் கோடு இல்லாததால் பேக்ஸ்ட்ரோக்கில் நேராகப் போவதே சிரமம், லேன் கயிற்றை ஓரக்கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, கொடியிலிருந்து சுவர்வரை நான்கா ஐந்தா என்று மறுபடி எண்ணிவிட்டுக் குளத்தை விட்டு ஏறுங்கள்.