பழைய கேம் கார்ட்ரிட்ஜில் பேட்டரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரியைக் கழற்றிய கையோடு, விளையாடிய இடம்வரை சேமித்து வைத்த சேவ் ஃபைலும் போய்விடும். இது தெரியாமலேயே பலர் கார்ட்ரிட்ஜைத் திறந்துவிடுகிறார்கள். கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ்களில் கேம் இருப்பது ரோம் சிப்பில். அதற்கு ஒன்றும் ஆகாது. நாம் விளையாடிச் சேர்த்ததெல்லாம் இருப்பது எஸ்ராம் சிப்பில். கன்சோலை அணைத்த பிறகும் அதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருப்பது அந்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான். அதனால் கார்ட்ரிட்ஜ் ரீடர் மூலம் சேவ் ஃபைலைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்த பிறகே ஸ்க்ரூவில் கை வையுங்கள். கன்சோலை ஆன் செய்தபடியே பேட்டரி மாற்றும் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். சால்டரிங் முனை ஒருமுறை வழுக்கினால் கன்சோலும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது நெம்புவது. பேட்டரியின் இரு பக்கமும் மெல்லிய தகடுகள் ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். அடியில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துத் தூக்கினால், தகட்டோடு போர்டின் செம்புப் பூச்சும் தோல் உரிவதுபோல உரிந்து வரும். அப்புறம் ஒயர் இழுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தகடு போர்டில் நிற்கும் இடத்தில், பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வையுங்கள். இரண்டும் கலந்து பளபளவென்று உருகும்போது மெல்லத் தூக்கினால் தகடு தானாகவே வந்துவிடும்.

புது பேட்டரி மேல் நேரடியாகச் சால்டர் செய்யாதீர்கள். சூட்டில் அது வெடிக்கக்கூடும். டேப் ஒட்டிச் சமாளிப்பதும் நிலைக்காது, லேசாக அசைந்தாலே சேவ் அழிந்துவிடும். தகடு வைத்தே விற்கும் பேட்டரி வாங்குங்கள். பழையதில் உள்ள எண்ணையே பாருங்கள்: சிஆர்2025 என்றால் 20 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. தடிமன். சார்ஜ் ஏற்றும் எல்ஐஆர் வகை கூடவே கூடாது, அதன் வோல்டேஜ் அதிகம்.

போக்கிமான் ரூபி, சஃபையர் கேம்களில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். மின்சாரம் இல்லாமலேயே தாங்கும் ஃப்ளாஷ் மெமரியில் சேவ் இருப்பதால் அங்கே பயமில்லை. போக்கிமான் கோல்டு, சில்வரில் கடிகாரம், சேவ் இரண்டும் ஒரே பேட்டரியை நம்பியிருக்கின்றன. அதனால் அது சீக்கிரம் தீரும். நகல் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிளஸ், மைனஸ் சரிபார்த்து மூடிய பிறகு புதிதாக ஒரு சேவ் போட்டு, அணைத்துவிட்டு, மறுநாள் பாருங்கள். அது அப்படியே இருந்தால் எடுத்துவைத்த பழைய சேவ் ஃபைலைத் திரும்ப ஏற்றலாம்.