டர்போ பெட்ரோல் குட்டி எஸ்யூவில பிக்கப் போச்சா? டர்போவ மாத்தச் சொன்னா அதுக்கு முன்னாடி வரிசையா இதெல்லாம் பாருங்க

வென்யூ, நெக்ஸான், ஃபிராங்க்ஸ், மேக்னைட், டைகூன் 1.0, எத எடுத்தாலும் எஞ்சின் கணக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். 1 லிட்டரோ 1.2 லிட்டரோ, மூணு சிலிண்டர், காத்த அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ற டர்போவ அதுல மாட்டி 100 முதல் 120 குதிரைசக்தி வரைக்கும் எடுக்குறாங்க. இவ்ளோ சின்ன எஞ்சின்லேருந்து இவ்ளோ பவர் வரணும்னா உள்ள சூடும் பிரஷரும் எகிறத்தான் செய்யும், அதனால ஆயில், பிளக், ரப்பர் ஹோஸ் மாதிரி சின்னச் சின்ன ஐட்டத்துல சாதா எஞ்சின் பொறுத்துக்குற அசால்ட்ட இது பொறுத்துக்காது.

வாரண்டி முடிஞ்ச வண்டி இழுக்கலன்னு போய் நின்னா எடுத்த எடுப்புல டர்போ போச்சுன்னு சொல்ற இடங்கள் உண்டு. புது டர்போ லேபரோட சேர்த்து வண்டியப் பொறுத்து 40,000 ரூபாய்ல ஆரம்பிச்சு லட்சத்தையும் தாண்டும். அதே கம்ப்ளெயின்ட் ஒரு லூஸ் கிளாம்ப்னாலயும் வரும். அதனால கம்மி செலவுலேருந்து பெரிய செலவுக்குப் போற மாதிரி வரிசை சொல்றேன், இதே ஆர்டர்ல பாருங்க. விலையெல்லாம் வெளி ஒர்க்‌ஷாப் கணக்குல தோராயமானது, கம்பெனி சர்வீஸ்ல கூட வரும்.

ஸ்டெப் 1: ஆயில்

வண்டிய சமதளத்துல நிறுத்தி, எஞ்சின் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற கம்பி) எடுத்து தொடச்சு திரும்ப விட்டு எடுங்க. ரெண்டு குறிக்கும் நடுவுல இருக்கணும். கொறஞ்சிருந்தா ஆயில் குடிக்குது இல்ல எங்கயோ கசியுது. மேல் குறியத் தாண்டி ஏறியிருந்து மோந்து பாத்தா பெட்ரோல் வாடை அடிச்சா, பெட்ரோல் ஆயில்ல கலக்குதுன்னு அர்த்தம். தெனம் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி எஞ்சின் சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்றவங்க வண்டியில, அதுவும் பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்ல இது நடக்கும். டர்போவோட ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து வரைக்கும் சுத்தும், அது மெல்லிசா ஒரு ஆயில் படலத்து மேலதான் மெதந்துட்டு சுத்துது, ஆயில் நீர்த்துப் போனாலோ கசடு ஆனாலோ மொதல்ல அடி வாங்குறது அந்த பேரிங்தான். மேனுவல்ல போட்டிருக்கிற கிரேடுல, ஏபிஐ எஸ்பி தரம்னு டப்பால இருக்கிற ஃபுல் சிந்தெடிக் வாங்குங்க, ஃபில்டரோட சேர்த்து 3,000லேருந்து 5,000 ஆகும். இதுல மிச்சம் புடிக்கவே வேணாம்.

ஸ்டெப் 2: ஸ்கேனர்

வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட படிக்குற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆன்லைன்ல 500லேருந்து 1,500க்குள்ள கெடைக்கும், ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கிற சாக்கெட்ல சொருகி போன் ஆப்ல பாக்கலாம். பி0299னு வந்தா பூஸ்ட், அதாவது டர்போ தள்ற காத்தோட பிரஷர், பத்தலன்னு அர்த்தம். டர்போ செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. பி0301, 0302, 0303ன்னா ஒண்ணு, ரெண்டு, மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியா எரியல. கோட போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அப்புறமா அழிங்க, ஒர்க்‌ஷாப்ல காட்ட வேண்டி வரும்.

ஸ்டெப் 3: காத்து போற பைப்பு

எனக்குக் கேட்டா மத்த எல்லாத்தையும் விட இதுலதான் அதிக நேரம் செலவழிக்கணும். எஞ்சின் ஆறினதுக்கு அப்புறம் பானெட்டத் தொறந்து ஏர் ஃபில்டர் பாக்ஸ்லேருந்து டர்போவுக்கு, டர்போலேருந்து இன்டர்கூலருக்கு (சூடான காத்த ஆத்துற பாகம்), அங்கேருந்து எஞ்சினுக்குன்னு பைப்ப கையால தடவிக்கிட்டே போங்க. ஒவ்வொரு கிளாம்பையும் திருகிப் பாருங்க, ரப்பர் மடிப்புகள விரிச்சுப் பாருங்க, வெடிப்பு மடிப்புக்கு உள்ளதான் ஒளிஞ்சிருக்கும். ஜாயின்ட்டுக்கு வெளிய எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேந்து கருப்பா அப்பியிருந்தா காத்து அங்கதான் லீக். ஓட்டும்போது ஆக்சிலரேட்டர் அமுக்கினா மட்டும் புஸ்ஸுன்னு சத்தம் வந்து வண்டி இழுக்காம இருக்குறதும் இதனாலதான். கிளாம்ப் 100, 200 ரூபாய்லயே முடிஞ்சுடும், ஹோஸ் மாத்தினா 1,500லேருந்து 5,000. சந்தேகமா இருந்தா ஸ்மோக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பைப்புக்குள்ள புகைய விட்டா ஓட்டை எங்கன்னு கண்ணால பாத்துக்கலாம்.

ஸ்டெப் 4: பிளக்கும் காயிலும்

மிஸ்ஸிங் கோட் ஒண்ணாவது சிலிண்டர்னு வந்தா பிளக்குக்கு கரண்ட் குடுக்குற அந்தக் காயிலக் கழட்டி ரெண்டாவதுல மாட்டிட்டு ஓட்டிப் பாருங்க. கோடும் ரெண்டுக்கு மாறினா காயில்தான் போயிருக்கு, ஒண்ணுலயே நின்னா அடுத்து பிளக்கப் பாக்கணும். காயில் ஒண்ணு 1,500லேருந்து 4,000, மூணு இரிடியம் பிளக் 1,500லேருந்து 3,000. செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா தயவுசெஞ்சு ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி புகைய சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர அழிச்சுடும், அந்த செலவு டர்போவுக்கு சளைச்சது இல்ல.

ஸ்டெப் 5: கூலன்ட்

எஞ்சின ஆத்துற கூலன்ட் அதோட டேங்க்ல கொறஞ்சிட்டே போகுதான்னு வாரம் ஒருவாட்டி பாருங்க, எஞ்சின் சூடா இருக்கும்போது மூடியத் தொறக்கவே கூடாது. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம் காஞ்ச கறை இருந்தா லீக்கு. தண்ணி ஊத்தி சமாளிக்காதீங்க.

ஸ்டெப் 6: இப்பதான் டர்போ

மேல சொன்னது எல்லாம் சரியா இருந்தும் பிக்கப் வரலன்னா மெக்கானிக் அண்ணன்கிட்ட டர்போவுக்குக் காத்து நுழையுற பக்கத்து பைப்பக் கழட்டச் சொல்லி நீங்களும் பக்கத்துல நில்லுங்க. எஞ்சின் ஆறியிருக்கணும். நடுவுல இருக்கிற சக்கரத்த விரலால புடிச்சு பக்கவாட்டுல ஆட்டினா லேசா அசையும், அது நார்மல். இறக்கை போயி கூட்டுல உரசினாலோ, முன்ன பின்ன இழுத்தா கைக்குத் தெரியுற மாதிரி ஆட்டம் இருந்தாலோ பேரிங் போயிடுச்சு. பைப்புக்குள்ள லேசா ஆயில் ஈரம் இருக்குறதுக்கு பயப்பட வேணாம், தேங்கி நின்னாதான் பிரச்சனை, கூடவே பின்னாடி நீலப் புகையும் வரும். ஷாஃப்ட் நல்லா இருந்தா பூஸ்ட கட்டுப்படுத்துற வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் அசையாம சிக்கிக்கிட்டிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ரீகண்டிஷன் பண்றதுன்னா 12,000லேருந்து 25,000க்குள்ள முடியும், ஆனா பேலன்சிங் மெஷின் வச்சிருக்கிற இடத்துல மட்டும் குடுங்க, பழைய ஆயில் பைப்ப மாத்தாம புது டர்போ போட்டா அதுவும் கொஞ்ச நாள்ல போயிடும்.

இன்னும் ரெண்டு விஷயம். வென்யூ, ஃபிராங்க்ஸ், டைகூன் டர்போ எல்லாம் டைரக்ட் இன்ஜெக்‌ஷன், பெட்ரோல் இன்டேக் வால்வ்ல படாததால அங்க கார்பன் சேரும், ஐட்லிங் ஆடும், கிளீனிங் 8,000லேருந்து 20,000. நெக்ஸான் பெட்ரோல் அந்த மாதிரி இல்ல, அதனால அதுல இந்தத் தொல்லை கெடையாது. செகண்ட் ஹேண்ட்ல ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் பாக்குறவங்க டைமிங் பெல்ட்ட எப்ப மாத்தினாங்கன்னு பில் கேளுங்க. அந்த பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடுது, நைஞ்சு உதிர்ந்தா ஆயில் பம்ப்போட சல்லடைய அடைச்சுடும். 2013ல வந்த வண்டிக்கெல்லாம் பத்து வருஷம் தாண்டியாச்சு.

ஸ்டெப் 7: எஸ்டிமேட்

பார்ட் நம்பர், பார்ட் விலை, லேபர், ஜிஎஸ்டி நாலையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து பார்ட்ஸ்க்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துலேருந்து 18 ஆயிடுச்சு, அதுக்கு முன்னாடி வாங்கின எஸ்டிமேட் கையில இருந்தா திரும்பப் போடச் சொல்லுங்க. கழட்டின பழைய பார்ட்ட கையில குடுக்கணும்னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. டர்போவ மாத்தணும்னு சொன்னா எந்த டெஸ்ட் பாத்து முடிவு பண்ணாங்கன்னு கேளுங்க, ஸ்மோக் டெஸ்ட்டும் ஷாஃப்ட் ஆட்டமும் காட்டாத இடத்துல வண்டிய விடாதீங்க.