பிள்ளைகளோடு பாப் ஆர்ட்: கிம்ப்பில் நான்கு கட்டப் படம்

ஒரே முகம் நான்கு கட்டங்களில், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பளிச் நிறம். பாப் ஆர்ட் என்றதும் பலருக்கும் நினைவு வருவது அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் இந்தப் பாணிதான். ஒரே தட்டலில் இப்படி மாற்றித் தரும் செயலிகள் ஏராளம். ஆனால் அவற்றில் பிள்ளை செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால் கிம்ப் (GIMP) என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

வார்ஹோல் 1962-ல் நடிகை மரிலின் மன்றோ படங்களைச் செய்த விதம் தெரிந்தால் மற்றது சுலபம். முகம், கூந்தல், உதடு இருக்கும் இடங்களில் முதலில் நிறத்தைத் தோராயமாகப் பூசினார். அதன்மேல் புகைப்படத்தின் கறுப்பை மட்டும் சில்க் ஸ்கிரீனில் அச்சிட்டார். துணிப்பையில் கடைப் பெயர் அடிக்கும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். கீழே நிறம், மேலே கறுப்பு. நாமும் இதையே இரண்டு லேயர்களில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு படத்தாள்களில், செய்யப் போகிறோம்.

முதலில் புகைப்படம். வெளிர் நிறச் சுவர் முன்னால் பிள்ளையை நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வெளிச்சம் விழும்படி எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், நிழலெல்லாம் போய்விடும். முகம்தான் வேண்டும் என்றில்லை. வார்ஹோலே சூப் டப்பாக்களை வரைந்தவர்தானே, வீட்டு பிரஷர் குக்கரும் தாராளமாக ஆகும்.

படத்தைக் கிம்ப்பில் திறந்து சதுரமாக வெட்டுங்கள். பிறகு ‘இமேஜ்’ மெனுவில் ‘ஸ்கேல் இமேஜ்’ போய் 600க்கு 600 பிக்சல் ஆக்குங்கள்.

அடுத்து ‘கலர்ஸ்’ மெனுவில் ‘த்ரெஷோல்ட்’. படம் வெறும் கறுப்பு வெள்ளையாகிவிடும். அடியில் உள்ள கறுப்பு முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தினால் வெள்ளை கூடும், வலப்பக்கம் நகர்த்தினால் கறுப்பு கூடும். இங்கே அவசரப்படாதீர்கள். படம் நன்றாக வருமா என்பது இந்த ஒரு இடத்தில்தான் தீர்மானமாகிறது. கண், மூக்கு, வாய் தெளிவாகத் தெரிந்து, கன்னத்தில் வெள்ளை இடம் தாராளமாக இருக்க வேண்டும். வெள்ளை இருக்கும் இடத்தில்தான் நிறம் தெரியும்.

சரி, இப்போது நான்காக்குவோம். ‘ஃபில்டர்ஸ்’, ‘மேப்’, ‘டைல்’ என்று போய் அகலம், உயரம் இரண்டையும் 1200 என்று கொடுங்கள். நான்கு முகங்களோடு புதுப்படம் திறக்கும். லேயர் பெட்டியின் மேலே ‘மோட்’ என்று இருப்பதை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். இந்த முறையில் வெள்ளை கண்ணாடிபோல் ஆகி அடியில் இருப்பதைக் காட்டும், கறுப்பு மட்டும் அப்படியே நிற்கும். அப்புறம் வெள்ளை நிரப்பிய புது லேயர் ஒன்றை உருவாக்கி, இழுத்துக் கீழே போடுங்கள்.

இனி மவுஸ் பிள்ளையிடம். செவ்வகத் தேர்வுக் கருவியால் ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். பக்கத்துக் கட்டத்துக்கு நிறம் வழியாது. கீழ் லேயர் தேர்வில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கெட் கருவியால் பின்னணியில் நிறம் நிரப்பட்டும். (வார்ஹோலும் இதைச் செய்தவர்தான்: 1985-ல் கொமடோர் நிறுவனத்தின் அமிகா கணினி அறிமுக விழாவில் பாடகி டெபி ஹாரியின் படத்துக்கு மேடையிலேயே இப்படி நிறம் நிரப்பினார்.) பிறகு பெரிய, ஓரம் கெட்டியான தூரிகையால் முகம், முடி, உதடு என்று தீட்டலாம்.

கோட்டைத் தாண்டிப் போகிறதே என்று திருத்தப் போகாதீர்கள். மரிலின் படங்களிலேயே உதட்டு நிறம் கறுப்போடு சரியாகப் பொருந்தாமல்தான் இருக்கும். அழகே அதில்தான். பச்சை முகம், ஊதா முடி எதற்கும் தடை போட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: கரு நீலம், அடர் பழுப்பு போட்டால் கறுப்புக் கோடுகள் அமுங்கிவிடும். மஞ்சள், ரோஸ், வெளிர் பச்சை, ஆரஞ்சு எடுபடும்.

நான்கும் முடிந்ததும் ‘சேவ்’ கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாக லேயர்களோடு இருக்கும். அச்சடிக்கவும் தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ போய்ப் பிஎன்ஜியாக எடுங்கள். எக்ஸ்சிஎஃப்பை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு வேறு நிறம் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் கீழ் லேயரில் வெள்ளையை நிரப்பிவிட்டு மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.