கரித்தூள் குடித்த அயோடின்

நீரில் கரைந்த சல்ஃபர் டைஆக்சைடை ஆக்டிவேட்டட் கார்பனை, அதாவது நுண்துளைகள் நிறைந்த கரியை, வினையூக்கியாக வைத்துக் கந்தக அமிலமாக்கும் சோதனை. புதிதாகத் தொடங்கியவர்களின் நோட்டுகளைப் புரட்டினேன். நான் அன்று அடித்த கூத்தெல்லாம் அப்படியே, வேறு கையெழுத்தில். கண்ணாடி போடு, கையுறை மாட்டு என்பதை எவரும் சொல்வார்கள், அதை விடுகிறேன்.

பிஎச் இறங்கினால் வினை நடந்துவிட்டது என்று எழுதுவது

வாயு கரைந்தாலே இறங்கும். கரியே வேண்டாம்.

ஆக்சிஜனை மறப்பது

25 டிகிரியில், காற்றுபட்ட நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம்தான். 64 கிராம் சல்ஃபர் டைஆக்சைடுக்கு 16 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியென்றால் அந்த 8 மில்லிகிராம், 32 மில்லிகிராம் சல்ஃபர் டைஆக்சைடோடு தீர்ந்தது. கலக்கும் வேகத்தைக் கூட்டியதும் வினையும் வேகமெடுக்கிறதா? அதுவரை நீங்கள் அளந்தது ஆக்சிஜன் நீருக்குள் இறங்கும் வேகம். கரியின் திறன் இன்னும் உங்களுக்குத் தெரியாது.

வடிகட்டாமல் டைட்ரேஷன்

மாறாமல் மிஞ்சிய சல்ஃபர் டைஆக்சைடை, அது எவ்வளவு அயோடினைத் தீர்க்கிறது என்று பார்த்து அளப்பதுதான் இங்கே டைட்ரேஷன். அதை வடிகட்டாமல் செய்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரே கரியைத் தினமும் கலக்கிக்கொண்டிருந்தேன். மாற்றமடையும் அளவு நாளுக்கு நாள் சரிந்தது. கரி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, புதுக் கரி வாங்கி, மூன்று வாரம் வீணாக்கினேன். புதுக் கரியும் அதேபோல் 'செத்தது'.

கரி நன்றாகத்தான் இருந்தது. கலக்கக் கலக்க அது தேய்ந்து, அளக்க எடுத்த மாதிரி நீரோடு அதன் நுண்தூளும் கூடவே வந்திருக்கிறது. அயோடினை உறிஞ்சுவது கரியின் பிறவிக் குணம். அதன் தரத்தையே, ஒரு கிராம் கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சும் என்ற 'அயோடின் எண்' வைத்துத்தானே சொல்கிறோம்! தூள் குடித்த அயோடினையும் மிச்ச சல்ஃபர் டைஆக்சைடின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். 254 மில்லிகிராம் அயோடின் போனால் 64 மில்லிகிராம் பொய்க் கணக்கு.

இதோடு போகவில்லை. வடிகட்டாத மாதிரியை மாலைவரை மேசையில் வைத்தால், புட்டிக்குள்ளேயே வினை தொடரும். இது எதிர்த்திசைப் பிழை. சில நாள் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி அழகான எண் வரும். அந்த எண்ணைத்தான் நான் பெருமையாகக் காட்டினேன்.

எடுத்த கையோடு நுண்துளை வடிதாளில் வடிகட்டுங்கள். வடிநீரை, அளந்து எடுத்த மிகை அயோடினுக்குள் விட்டு, எஞ்சிய அயோடினை, அதைத் தீர்க்கும் தயோசல்பேட்டால் அளந்து பாருங்கள். வெறும் நீரில் கரியைக் குலுக்கி வடித்து, அதையும் ஒருமுறை டைட்ரேட் செய்யுங்கள். அயோடின் குறைந்தால் உங்கள் வடிதாள் ஓட்டை. உருவான கந்தக அமிலத்தின் சல்பேட்டைப் பேரியம் சல்பேட்டாக எடைபோட்டும் கணக்கை ஒத்துப்பாருங்கள்.

இரும்புக் கலன்

கூடாது. கரைந்து வரும் இரும்பும் மாங்கனீசும் தாமே வினையூக்கிகள்.