நெடும் உலகப் பயணத்துக்கு ஒரு கேமரா: புதுச்சேரி, கடலூர்க் கரையிலேயே சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை

ஓராண்டு, ஈராண்டு என்று நாடு நாடாகச் சுற்றப் புறப்படுபவருக்கு, நான்காவது மாதத்திலும் காலையில் தயங்காமல் தோளில் மாட்டிக்கொள்ளத் தோன்றும் கேமராவே சரியான கேமரா. பத்து நாள் சுற்றுலாவில் பொறுத்துக்கொள்ளும் எடையையும் சார்ஜ் போடும் தொல்லையையும் நெடும் பயணத்தில் யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. கேமரா விடுதி அறையிலேயே பெட்டிக்குள் தங்கிவிடும், படமெல்லாம் போனில் எடுக்கப்படும். புதுச்சேரியிலும் கடலூரிலும் வாழும் நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. உப்புக் காற்று, உடம்பை நனைக்கும் புழுக்கம், கண் கூசும் வெயில், வெளிச்சம் குறைந்த அங்காடி என்று, உலகப் பயணம் ஒரு கேமராவை எப்படியெல்லாம் படுத்துமோ அவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கின்றன. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே, திருமண ஸ்டூடியோவில் வாடகைக்கு எடுத்தோ நண்பரிடம் இரவல் வாங்கியோ, இங்கேயே சோதித்துவிடலாம்.

முதலில், தனிக் கேமரா தேவைதானா என்று முடிவு செய்யுங்கள். இன்றைய நல்ல போன்கள் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படம், குடும்பத்துக்கு அனுப்பவும் சிறிய அளவில் அச்சிடவும் தாராளமாகப் போதும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பவர் அந்தப் பணத்தில் இன்னும் சில வாரங்கள் கூடுதலாக ஊர் சுற்றுவதே நல்லது. ஆனால் பயணத்தில் போன்தான் வரைபடம், விமானச் சீட்டு, வங்கி, விடுதி முன்பதிவு எல்லாமாக இருக்கிறது. கூட்டமான பேருந்து நிலையத்தில் அதை நீட்டிப் பிடித்துப் படமெடுக்கையில் எவராவது பறித்துக்கொண்டு ஓடினால் அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும். இருட்டில் அசையும் மனிதர்களையும் தொலைவில் இருக்கும் பறவைகளையும் எடுக்க விரும்புபவருக்குப் போன் இன்னமும் போதாது. இவ்விரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

எடையிலிருந்து தொடங்குவோம். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன. மடிக்கணினி, மருந்து, ஒரு மாற்றுடை போக மீதியில்தான் கேமரா. முழு அளவு சென்சார் (லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக்கும் சில்லு) கொண்ட சோனி ஏ7சி இரண்டாம் பதிப்பு பேட்டரியோடு 514 கிராம் இருக்கும். கைக்கு அடக்கமான பாடிதான் (பாடி என்பது லென்ஸ் இல்லாத கேமரா உடல்). அதில் அதே நிறுவனத்தின் 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸை மாட்டினால், அந்த லென்ஸின் இரண்டாம் பதிப்பே 695 கிராம் என்பதால், மொத்தம் 1,200 கிராமைத் தாண்டிவிடும். (24-70 என்பது மி.மீ.யில் ஜூமின் வரம்பு; எஃப் எண் லென்ஸின் துளையைக் குறிக்கும், எண் சிறிதானால் துளை பெரிது.) அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட சோனி ஏ6700 பாடி 493 கிராம், அதற்குப் பொருந்தும் சிக்மா 18-50 எஃப் 2.8 லென்ஸ் 290 கிராம். இரண்டும் சேர்ந்து 800 கிராமுக்குள் அடங்கும். இன்னும் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் ஓ.எம்.-5 பாடி 414 கிராம், 12-45 எஃப் 4 லென்ஸ் 254 கிராம். சட்டைப்பைக்குள் போகும் சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாம் பதிப்பு, 24 முதல் 200 மி.மீ. வரைக்கு ஈடான ஜூம் உட்பட, 302 கிராம்தான். பாடியின் எடையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பலர். சுமையின் பெரும்பங்கு லென்ஸில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கிராம் கணக்கைக் காகிதத்தில் பார்த்தால் உடம்புக்குப் புரியாது. நீங்கள் நினைத்திருக்கும் கேமராவின் எடைக்குத் தண்ணீர் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு, நண்பகலில் கடற்கரைச் சாலை காந்தி சிலையிலிருந்து பாரதி பூங்கா, நேரு வீதி வழியாகத் தாவரவியல் பூங்கா வரை நடந்து, திரும்பியும் நடந்தே வாருங்கள். ஒரு வாரம் இதைச் செய்த பிறகும் தோள் முறையிடவில்லை என்றால் அந்த எடை உங்களுக்கு ஏற்றது.

அடுத்தது சென்சாரும் லென்ஸின் துளையும். இங்கேதான் பணம் தவறான இடத்தில் செலவாகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முழு அளவு சென்சார் 36க்கு 24 மி.மீ.; ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5க்கு 15.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13, ஒரு அங்குலச் சென்சார் எனப்படுவது 13.2க்கு 8.8. பரப்பளவில் பார்த்தால் முழு அளவு, ஏபிஎஸ்-சியைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு அங்குலத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல். பரப்பு கூடினால் விழும் ஒளி கூடும், குறைந்த வெளிச்சத்தில் படத்தில் புள்ளிகள் குறையும். இது உண்மை. ஆனால் லென்ஸின் துளை இதைவிடப் பெரிய மாற்றத்தைக் குறைந்த செலவில் தந்துவிடும்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் உட்சந்து ஒன்றில் இதை நேரிலேயே காணலாம். தலைக்கு மேல் தார்ப்பாய், அதன் கீழே ஒற்றை விளக்கு. மீன்கார அம்மா வஞ்சிரத்தை அரிவாள்மனையில் துண்டு போடுகிறார், கை நிற்காமல் அசைகிறது, செதிலில் மட்டும் ஒளி மின்னுகிறது. அவரிடம் கேட்டுக்கொண்டு, கேமராவோடு வரும் சாதாரண 18-55 ஜூமை 55 மி.மீ.க்கு இழுத்து எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஷட்டரை (ஒளி உள்ளே விழும் நேரத்தை) 125இல் ஒரு பங்கு வினாடிக்கு வைத்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளியைக் கேமரா பெருக்கும் அளவு; கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 6400 தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். அதே வெளிச்சத்தில், அதே ஷட்டரில், எஃப் 1.8 துளை கொண்ட ஒரு பிரைம் லென்ஸை (ஜூம் இல்லாத லென்ஸ்) மாட்டினால் ஐ.எஸ்.ஓ. 640 அளவே போதும், ஏனெனில் அந்தத் துளை ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. சென்சாரை ஏபிஎஸ்-சியிலிருந்து முழு அளவுக்கு மாற்றினால் கிடைப்பது இரண்டு மடங்கு சொச்சம்தான். இஸ்தான்புல்லின் மூடிய அங்காடியிலும் மொராக்கோவின் சந்துகளிலும் நடப்பதும் இதே கணக்குதான். எனவே நடுத்தர வரவு செலவில் போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது: ஏபிஎஸ்-சி பாடி ஒன்று, எஃப் 2.8 ஜூம் அல்லது சிறிய ஜூம் ஒன்று, 35 மி.மீ. எஃப் 1.8 போன்ற சிறிய பிரைம் ஒன்று. மூன்றாவது லென்ஸ் வேண்டாம்.

காட்டு விலங்கும் பறவையும்தான் பயணத்தின் நோக்கம் என்றால் மட்டும் இது மாறும். ஊசுட்டேரியின் கரையில் நின்று நீர்ப்பறவை ஒன்றைக் குறிவையுங்கள், 50 மி.மீ. லென்ஸில் அது ஒரு புள்ளியாகத் தெரியும். 70-300 லென்ஸை ஏபிஎஸ்-சியில் மாட்டினால் முழு அளவில் 450 மி.மீ.க்கு ஈடான நெருக்கம் கிடைக்கும். ஆண்டு முழுவதும் சுமக்கும் லென்ஸ், ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் கழிக்கப்போகும் ஒரு வாரத்துக்காக மட்டுமே என்றால், அந்த வாரத்துக்கு அங்கேயே வாடகைக்கு எடுக்க முடியுமா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள்.

வ்யூஃபைண்டர் இல்லாத கேமராவை நெடும் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிக்கோ ஜி.ஆர். 3 வெறும் 257 கிராமில் அருமையான படம் தரும் கருவி. ஆனால் அதில் கண் வைத்துப் பார்க்க வழியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளத்துக்கு நண்பகலில் போய், திரையை மட்டும் பார்த்துப் படமெடுக்க முயன்றால் காரணம் விளங்கும்: சுற்றிலும் வெள்ளை, திரையில் உங்கள் முகம்தான் தெரியும். பொலிவியாவில் 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பரந்து கிடக்கும் உயுனி உப்புவெளியில் இந்தக் கூச்சம் இன்னும் கடுமையாக இருக்கும். உப்பளத்தில் இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம். வெள்ளைப் பரப்பைக் கண்டதும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து, உப்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அதை ஒன்று, ஒன்றரை படி கூட்டும் சக்கரம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மெனுவுக்குள் தேடித்தான் மாற்ற வேண்டும் என்றால், அந்தக் கேமரா உங்களைத் தினமும் தாமதப்படுத்தும்.

நம் கரையில் கேமராவைக் கொல்வது மழையைவிட உப்பும் ஈரமும்தான். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மாலைக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய படலம் படியும். சட்டை நுனியால் அதைத் துடைத்தால் உப்புத் துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு லேசாக ஈரமாக்கிய மென்துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும். காற்றடிக்கும் கரையில் லென்ஸைக் கழற்றவே கூடாது. வெதர் சீலிங் (தூசும் ஈரமும் புகாத காப்பு) என்பது பாடிக்கும் லென்ஸுக்கும் சேர்த்து இருந்தால்தான் பயன், ஓ.எம்.-5க்குப் பொருத்தமான லென்ஸோடு ஐ.பி. 53 தரச்சான்று உண்டு. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவது கேமராவிலோ, தனியாக வாங்கும் வளையத்தையும் ஃபில்டரையும் மாட்டினால்தான் அந்தப் பாதுகாப்பு முழுமையாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடையோடு படமெடுக்கப் போய் வந்தால், இது உங்களுக்கு எவ்வளவு தேவை என்பது தெரிந்துவிடும்.

பூஞ்சை இன்னொரு எதிரி. புழுங்கிய பையில் பல வாரம் கிடக்கும் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படரும். படர்ந்த பிறகு சுத்தம் செய்யும் செலவு சில சமயம் லென்ஸின் விலையை எட்டிவிடும். காற்றுப் புகாத சிறு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். நீலச் சிலிக்கா ஜெல் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும், சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே போகும் முன் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளிக்காற்றின் சூட்டுக்கு அது பழகும் வரை திறக்காமல் வையுங்கள்; ஈரம் பையின் மேல் பூக்கும், லென்ஸில் பூக்காது. கத்தரி வெயில் நாளில் கடலூரில் செய்து பழகிய இந்த வழக்கம் பாங்காக்கிலும் அப்படியே உதவும்.

மின்சாரத்துக்கு வருவோம். யு.எஸ்.பி. சி வழியாக நேரடியாகச் சார்ஜ் ஏறும் கேமராவை மட்டுமே வாங்குங்கள். போனுக்கும் கேமராவுக்கும் ஒரே சார்ஜர் போதும். அதில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ஜப்பானின் 100 வோல்ட்டிலும் நம் 230 வோல்ட்டிலும் வேலை செய்யும், பின் மாற்றி மட்டும் தேவை. உதிரி லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான், முனைகளை மூடி, எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட் மணி (பேட்டரியின் மின் கொள்ளளவு) வரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம், 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஏ6700 பேட்டரி 16 வாட் மணி அளவுதான். 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் 74 வாட் மணி. குளிர் நாடுகளில் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும் என்பதால், உதிரியைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

படங்களைச் சேமிப்பது எளிய கணக்கு. சுருக்கப்பட்ட ரா கோப்பு (கேமரா மெருகேற்றாமல் தரும் மூலப் படம்) ஒன்று 25 எம்.பி. என்றால், நாளுக்கு நூறு படம் எடுப்பவருக்கு ஓராண்டில் 900 ஜி.பி.க்கு மேல் சேரும். ஒரு டி.பி. (ஆயிரம் ஜி.பி.) கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி. சேமிப்புக் கருவி இரண்டு வாங்கி, ஒன்றை முதுகுப்பையிலும் மற்றதைப் பெரிய பெட்டியிலும் வையுங்கள். இரண்டிலும் ஏறும் வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

எங்கே வாங்குவது என்பதில் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு தனி ஆசை உண்டு: பாரிஸில் இருக்கும் சித்தப்பாவிடம் சொல்லி வாங்கிவிடலாம் என்பது. பிரான்சில் வாட் எனப்படும் மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம். அதைத் திரும்பப் பெறும் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்குத்தான். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கி, மூன்று மாதத்துக்குள் பொருளோடு வெளியேற வேண்டும். அங்கேயே வசிக்கும் உறவினர் தம் பெயரில் வாங்கித் தந்தால் கிடைக்காது. வசிப்பிடம்தான் கணக்கு என்பதால், பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தும் புதுச்சேரியில் வசிப்பவர், தாமே நேரில் போய் வாங்கினால் பெறலாம். ஆனால் கேமரா பாடிகளின் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஊர் திரும்பும்போது வரம்புக்கு மேற்பட்ட மதிப்புக்குச் சுங்க வரியும் உண்டு. ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்கென்று வரும் சில கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், சென்னையில் சேவை மையம் உள்ள நிறுவனத்தின் கேமராவை, முறையான பில்லோடு இங்கேயே, புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போது வாங்குவதே நல்லது; பிறவிக் கோளாறு ஏதும் இருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும்.

புறப்படும் நாளில் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்யும் முன், சுங்க அதிகாரியிடம் கேமராவையும் லென்ஸ்களையும் பில்லோடு காட்டி, வரிசை எண்கள் எழுதிய ஏற்றுமதிச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அவை வெளிநாட்டில் வாங்கியவையல்ல என்பதற்கு அதுவே ஆதாரம். இதற்கென வழக்கமான நேரத்தைவிட ஒரு மணி முன்னதாகப் போவது நல்லது. சான்றிதழைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டு, மூலத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.