யானையா, காக்கையா, கீரியா: செல்வத் தெய்வச் சிற்பங்களை இனங்காண

பழைய சிற்பத்தில் முகமும் விரல்களும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் முகத்தை வைத்துப் பெயர் சொல்லாமல், கூட இருக்கும் விலங்கிலிருந்து தொடங்குங்கள்.

நிலைவாசலுக்கு மேலே தாமரையில் அமர்ந்த பெண், இருபுறமும் யானை என்றால் கஜலட்சுமி. பெயர் தெரிந்ததும் நகர்ந்துவிடாதீர்கள். துதிக்கை போகும் வழியைப் பாருங்கள். மாமல்லபுரம் வராகர் குகையில் ஒரு யானை தேவியின் தலைமேல் குடத்தைக் கவிழ்க்கிறது; மற்றது பணிப்பெண்ணின் குடத்தை இப்போதுதான் வாங்கப்போகிறது. எல்லோரா கைலாசக் கோயிலில் நான்கு யானைகள்: கீழே இரண்டு தாமரைக் குளத்தில் குடம் நிரப்ப, மேலே இரண்டு நீராட்டுகின்றன. யானை மேகம், குடத்து நீர் மழை. மழை பெய்தால்தான் களஞ்சியம் நிறையும் என்று வாழ்ந்தவர்கள் செல்வத்தை இப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். குடம் தேய்ந்து போயிருந்தாலும் துதிக்கை நுனி தேவியின் தலைக்கு மேல் வளைந்திருந்தால் அது நீராட்டும் யானைதான்.

நேர் வெளிச்சத்தில் புடைப்பு தட்டையாகத் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் மங்கிய கோடும் நிழல் விழுந்து எழும்பும். கோடு தெரியவேண்டுமென்று எண்ணெயோ சுண்ணாம்புப் பொடியோ பூசவே கூடாது, கல் கறைபடும்.

அதிகம் குழப்புவது தவ்வை, அதாவது ஜேஷ்டா தேவி. இவளும் அமர்ந்த கோலம், அருகில் இருவர். பார்த்தவுடன் லட்சுமி என்று சொல்லிவிடுவார்கள். காக்கைக் கொடி இருக்கிறதா என்று தேடுங்கள். அருகில் இருப்பவரில் ஒருவருக்கு மாட்டுத் தலை இருந்தால் அது அவள் மகன், சந்தேகமே வேண்டாம். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இவளைக் காணலாம். பின்னாளில் மூதேவி என்று ஒதுக்கப்பட்டாலும், பல்லவர் காலத்தில் வழிபாடு பெற்றவள். பெயரை மாற்றிச் சொன்னால் அந்த வரலாறே மறைந்துபோகும்.

குட்டை உருவம், பெருவயிறு என்றால் குபேரனாகவும் இருக்கலாம், பூதகணமாகவும் இருக்கலாம். கையில் நீளமாகப் பை போல ஏதாவது தொங்கினால் அதன் நுனியை உற்றுப் பாருங்கள். சிறு தலை தெரிந்தால் அது கீரி, உருவம் குபேரன். பாம்பு புதையலைக் காக்கும், கீரி பாம்பை வெல்லும் என்ற நம்பிக்கையோடு இதைப் பொருத்திப் பார்ப்பார்கள். பௌத்தச் சிற்பங்களில் குபேரனைப் போன்ற செல்வத் தெய்வமான ஜம்பாலனின் கீரி மணிகளை உமிழும். கடைகளில் ‘சிரிக்கும் குபேரன்’ என்று விற்பது குபேரனே அல்ல. அது சீனத்துப் புதாய் துறவி.

ஆந்தை வாகனத்தோடு லட்சுமியைப் பார்க்க வங்காளத்துக்குப் போகவேண்டும். அங்கே ஐப்பசி வாக்கில் வரும் கோஜாகரி பௌர்ணமி பூசையில் வெள்ளாந்தை அவள் காலடியில் இருக்கும். ஆந்தை அலறினால் ஆகாது என்று நினைக்கும் நம் ஊரில் அந்த வடிவம் வேரூன்றவில்லை. வடக்கே சில இடங்களில் தீபாவளிக்கு உயிருள்ள ஆந்தையையே பிடித்துப் பலியிடுகிறார்கள். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.