கோட் எடிட்டரை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மடிகணினியோடு என்னிடம் வருவதுண்டு. “சேர், பைதான் வேலை செய்யவில்லை” என்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் அந்தக் கணினியில் பைதான் என்ற நிரலாக்க மொழியே இருக்காது, வி.எஸ். கோட் (விஷுவல் ஸ்டூடியோ கோட்) என்ற எடிட்டர் மட்டும் இருக்கும்.

எடிட்டர் செய்நிரலை எழுதத்தான். எழுதியதை இயக்க வேறு மென்பொருள் வேண்டும்: பைதானுக்கு அதன் இன்டர்பிரிட்டர், சி மொழிக்கு ஒரு கம்பைலர். சி மொழிக்கான எக்ஸ்டென்ஷனை (எடிட்டரோடு சேர்க்கும் துணை மென்பொருளை) போட்டால் கம்பைலரும் கூடவே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது, அதைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

விண்டோஸில் பைதானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் ‘பாத்’தில் (கட்டளைகளைக் கணினி தேடும் கோப்புறைகளின் பட்டியலில்) சேர்க்கவா என்று கேட்கும் சிறிய பெட்டி ஒன்று இருக்கும். அதில் சரி அடையாளம் இடாமல் அவசரமாக நிறுவும் பொத்தானை அழுத்துவதுதான் நான் அதிகம் காணும் தவறு. பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் பைதான் என்று தட்டினால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். பிள்ளை குழம்பிப்போய் அங்கிருந்தும் ஒரு பைதானை நிறுவிவிடும். இப்போது கணினியில் இரண்டு பைதான்கள். ஒன்றில் நிறுவிய நூலகத்தை (பிறர் எழுதித் தந்த ஆயத்தச் செய்நிரல்களின் தொகுப்பை) மற்றதில் தேடி, ‘அப்படி ஒரு மொடியூல் இல்லை’ என்ற பிழைச்செய்தியோடு ஒரு மாலைப்பொழுதே போய்விடும். எடிட்டரின் கீழ்ப்பட்டையில் வலப்பக்கம் எந்தப் பைதான் தேர்வாகியிருக்கிறது என்று தெரியும். அதைச் சொடுக்கி மாற்றலாம். பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான்.

பெயர் ஒற்றுமையால் விஷுவல் ஸ்டூடியோவைத் தரவிறக்குபவர்களும் உண்டு. இரண்டும் மைக்ரோசொஃப்டுடையவைதான், ஆனால் வெவ்வேறு மென்பொருள்கள். விஷுவல் ஸ்டூடியோ 1997 முதல் இருக்கும் பெரிய தொகுதி, வி.எஸ். கோட் 2015இல் வந்த இலகுவான எடிட்டர். கைத்தொலைபேசி டேட்டாவில் தரவிறக்குபவருக்கு இந்தக் குழப்பத்தின் விலை பல ஜிபி.

அடுத்தது, தனிக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறப்பது. இது பார்வைக்குத் தவறாகவே தெரியாது, அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாணவர் புள்ளிகள் அடங்கிய கோப்பை வாசிக்கும் செய்நிரலை எழுதுகிறீர்கள். இரண்டு கோப்புகளும் ஒரே கோப்புறையில் அருகருகே இருக்கின்றன. ஆனாலும் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்கிறது. காரணம், செய்நிரல் தான் இருக்கும் கோப்புறையில் தேடுவதில்லை. டெர்மினல் எந்தக் கோப்புறையில் நிற்கிறதோ அங்கே தேடுகிறது. ‘ஃபைல்’ பட்டியலில் ‘ஓப்பன் ஃபோல்டர்’ வழியாகக் கோப்புறையைத் திறந்தால் டெர்மினலும் அங்கேயே திறக்கும். ஒரு படி மேலே உள்ள கோப்புறையைத் திறந்தாலும் இதே பிழை திரும்ப வரும். ஆகவே, ஒரு வேலைக்கு ஒரு கோப்புறை வைத்து, சரியாக அதையே திறவுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. படம் வரைய உதவும் டர்டில் நூலகத்தைப் பழகுபவர் தன் கோப்புக்கும் டர்டில் என்றே பெயர் வைத்தால், பைதான் உண்மையான நூலகத்தை விட்டுவிட்டு அவருடைய கோப்பையே எடுத்துக்கொள்ளும். வரும் பிழைச்செய்தியைப் படித்துக் காரணத்தை ஊகிப்பது தொடக்கநிலை மாணவருக்கு மிகக் கடினம்.

எக்ஸ்டென்ஷன்களை அள்ளிப் போடாதீர்கள். காணொளியில் சொன்னார்கள் என்று ஒரே நாளில் இருபதை நிறுவினால், 4 ஜிபி ரேம் உள்ள மடிகணினி திணறும். வேகத்தை விடவும் எனக்குக் கவலை பாதுகாப்பைப் பற்றித்தான். எக்ஸ்டென்ஷன் ஒன்றால் எடிட்டர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்ய முடியும்: உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், இணையத்துக்கு அனுப்பலாம். தீங்கு செய்யும் எக்ஸ்டென்ஷன்கள் கண்டறியப்பட்டு நீக்கப்பட்ட சம்பவங்கள் பல. வெளியிட்டவர் யாரென்று பாருங்கள், தேவை வரும்போது மட்டும் நிறுவுங்கள். அதேபோல், இன்னொருவர் தந்த கோப்புறையைத் திறக்கையில் ‘இதை எழுதியவரை நம்புகிறீர்களா’ என்று எடிட்டர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஆம் சொல்லாதீர்கள். நம்பாமலே திறந்து படித்துப் பார்க்க வழி இருக்கிறது.

தாவல் பெயரின் ஓரத்தில் வட்டப்புள்ளி தெரிந்தால் கோப்பு இன்னும் சேமிக்கப்படவில்லை என்று பொருள். நீங்கள் எழுதும் இணையப்பக்கத்தில் மாற்றம் தெரியவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். ‘ஓட்டோ சேவ்’ வசதியை இயக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வந்த செய்நிரல். ஐபோனில் தட்டச்சு செய்தால் நேரான மேற்கோள் குறிகள் தாமாகவே வளைந்த குறிகளாக மாறக்கூடும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைதானுக்கு வளைந்தது செல்லாத எழுத்து. நண்பருக்கு அனுப்புவதென்றால் செய்தியாக ஒட்டாமல் கோப்பாக இணைத்து அனுப்புங்கள். வரி தொடக்க இடைவெளிகளும் அப்படியே போய்ச் சேரும். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? எடிட்டரின் ‘தேடி மாற்று’ வசதியால் வளைந்த குறிகள் எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம். தொடக்கக் குறிக்கு ஒருமுறை, முடிவுக் குறிக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.